கடலோர டீசல் ஜெனரேட்டருக்கு எந்த சைலன்சர்? அறை வகையா, பஞ்சு வகையா, இரண்டும் சேர்ந்ததா?

‘சைலன்சர் மாத்தணும், எது போடலாம்?’ என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ‘எந்தச் சத்தம் தொல்லை?’ என்பதைத்தான். பெரும்பாலானோர் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். சத்தம் என்றால் சத்தம்தானே, அதில் என்ன வகை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முடிவு அங்கேதான் இருக்கிறது.

இந்த வருடம் நான்கு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபம்: பழைய 25 கேவிஏ ஜெனரேட்டர், மூன்று சிலிண்டர். புதுச்சேரியில் கடற்கரைக்கு நாலு தெரு உள்ளே ஒரு லாட்ஜ்: அறைக்கு அறை ஏசி, கீழே ஜெனரேட்டர், எதிரே ஏழடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பண்ருட்டி பக்கம் பலாத்தோப்பில் ஓர் ஆயில் என்ஜின். அப்புறம் சோனங்குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர். நால்வருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை விளக்கத்தான் இது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலிக்கூண்டோடு கம்பெனியிலிருந்தே வரும் புது ஜெனரேட்டர்களை இங்கே பேசவில்லை. 1000 கேவிஏ வரையிலான ஜெனரேட்டர்களுக்குக் கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல் என்று வரம்பு இருக்கிறது. அதைச் சோதித்து, சான்று வாங்கித்தான் விற்கிறார்கள். 2023 ஜூலைக்குப் பின் வந்த புதிய உமிழ்வு விதிக்கான என்ஜின்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் அந்தக் குழாயோடு சேர்ந்தே இருக்கலாம். அதில் கை வைக்காதீர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

சத்தத்தின் குரல். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நொடிக்கு எத்தனை முறை வெடிக்கிறது என்பது வந்துவிடும். 1500 சுற்றில் மூன்று சிலிண்டர் என்றால் 37.5. நான்கு என்றால் 50, ஆறு என்றால் 75. ஒற்றை சிலிண்டர் ஆயில் என்ஜினுக்கு வெறும் 12.5, அதனால்தான் அது ‘தட்… தட்…’ என்று எண்ணக்கூடிய மாதிரி கேட்கிறது. இந்த அடி எண்ணும் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளும் சேர்ந்ததுதான் ‘கும்’ என்று ஷட்டரை அதிரவைக்கும் சத்தம். இதற்கு மேலே, நொடிக்கு 500 அதிர்வுக்கு அப்பால், புகை வேகமாகப் பாய்வதால் வரும் ‘உஸ்ஸ்’ என்ற சீறல் தனி. ஒன்றை அடக்கும் வழி இன்னொன்றை அடக்காது.

பேக் பிரஷர். புகை வெளியேற எவ்வளவு தடை என்பது. என்ஜின் கையேட்டில் இதற்கு ஓர் உச்ச அளவு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் கரும்புகை, சூடு, டீசல் செலவு, கடைசியில் வால்வு. புகையின் ஓட்டம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை நான்கு மடங்காகும். ஆகவே லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தண்ணீர். இதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகி புகையோடு போகிறது. டீசலின் எடையில் சுமார் 13 சதவீதம் ஹைட்ரஜன்; அது எரிந்து நீராகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறிவிட்டால் ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். பத்து நிமிடம் கரண்ட் போய், பத்து நிமிடம் ஓடி, நின்றுவிட்டால்? ஆவி உள்ளேயே குளிர்ந்து தகட்டின் அடியில் தேங்கும். 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு இறங்கிவிட்டதால் அமிலம் குறைந்திருக்கிறது, உண்மைதான். தண்ணீர் குறையவில்லை. வெளியே உப்புக்காற்றும் குறையவில்லை.

ஆகவே எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் ஓர் அளவுகோல். எட்டு மணி நேரம் ஓடும் என்ஜினின் சைலன்சரைவிட, தினமும் பத்து நிமிடம் ஓடும் என்ஜினின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாகும்.

## அறை வகை

வெறும் தகடும் குழாயும்தான். சின்னக் குழாயில் வரும் அலை திடீரென்று பெரிய அறைக்குள் நுழையும்போது ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. வெளியேறும் வாயில் இன்னொரு பங்கு திரும்புகிறது. திரும்பும் அலையும் வரும் அலையும் மோதிக் கரைகின்றன. 1897இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ரீவ்ஸ் சகோதரர்கள் என்ஜின் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்த வகைக்கு வேலை இருக்கிறது.

எவ்வளவு குறையும் என்பதை அறையின் அகலம் தீர்மானிக்கிறது. அறையின் விட்டம் குழாயைப் போல் 2 மடங்கு என்றால் அதிகபட்சம் 6.5 டெசிபெல். 3 மடங்கு என்றால் 13. 4 மடங்கு என்றால் 18. கடையில் தொங்கும் ஒல்லியான சைலன்சர்கள் ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பத்து அங்குல உருளை வேண்டும். இடமில்லை என்று ஐந்து அங்குலம் போட்டால் பணம் போனதுதான் மிச்சம்.

எந்தக் குரல் குறையும் என்பதை நீளம் தீர்மானிக்கிறது. அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்கும் இடத்தில் நன்றாக அடங்கும். அரைப் பங்கு வரும் இடத்தில் துளியும் அடங்காது, அப்படியே வெளியே வந்துவிடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று பள்ளியில் படித்ததை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 350 டிகிரி சூட்டில் இருக்கும் புகையில் அது சுமார் 500. 50 செ.மீ. அறை 170 அதிர்வில் வேலை செய்யும் என்று நினைத்துச் செய்தால், உண்மையில் 250இல்தான் செய்யும்.

மண்டபத்துக்கு நான் போட்டது இரண்டு அறை: 50 செ.மீ., 35 செ.மீ. ஏன் சமமாக இல்லை? 50 செ.மீ. அறை 500, 1000, 1500 ஆகிய அதிர்வுகளை விட்டுவிடும். 35 செ.மீ. அறை 714, 1429 என்று வேறு இடங்களில் விட்டுவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். இரண்டும் சமமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் கைவிடும். இன்னும் கொஞ்சம் மெனக்கெட முடிந்தால், உள்ளே வரும் குழாயை அறையின் பாதி நீளம் வரையிலும் வெளியேறும் குழாயைக் கால் நீளம் வரையிலும் உள்நோக்கி நீட்டி வையுங்கள்; திறந்த முனை ஒலிக்குச் சற்று நீளமாகவே தெரியும், அதனால் கொஞ்சம் குறைத்து. அந்த விட்டுப்போன இடங்களும் பெரும்பாலும் அடைபடும். இரண்டு முனைகளையும் ஒரு துளைக்குழாயால் (சுற்றிலும் சிறு துளைகள் போட்ட குழாய்) இணைத்துவிட்டால் புகை நேராகப் போகும், பேக் பிரஷரும் ஏறாது.

குறையும் சொல்ல வேண்டும். 37.5 என்ற அந்த அடி எண்ணில் 50 செ.மீ. அறை தருவது 6 டெசிபெல் சொச்சம்தான். முழுதாக அடக்க மூன்றேகால் மீட்டருக்கு மேல் நீளமான அறை வேண்டும்; நடக்கிற காரியமில்லை. நல்ல வேளை, அவ்வளவு தாழ்ந்த ஒலி நம் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும். ஆனால் ஜன்னல் கண்ணாடிக்குக் கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு வால் குழாயில். மண்டபத்தில் புது சைலன்சரை மாட்டி ஓட்டியதும் சீறல் போய்விட்டது. ஆனால் ‘ங்ங்ங்’ என்று ஒரு முழக்கம் புதிதாக எழுந்தது. பந்தி பரிமாறும் ஹாலில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வெளியேறும் குழாயை 2 மீட்டர் விட்டிருந்தேன். சைலன்சரைத் தாண்டிய புகையில் ஒலி வேகம் 450 அளவில் இருக்கும். 2 மீட்டர்க் குழாய் 112 அதிர்வில் புல்லாங்குழல் போல ஊதும். 37.5இன் மூன்று மடங்கு 112.5. சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. 65 செ.மீ. அறுத்தெடுத்தேன். டம்ளர்கள் அடங்கின.

யாருக்கு ஏற்றது: விட்டு விட்டு ஓடும் ஜெனரேட்டர், கடலோரம், பராமரிக்க ஆள் இல்லாத இடம். நம் பக்கத்தில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன்.

## பஞ்சு வகை

நேரான துளைக்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சோ ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சோ, வெளியே உறை. ஒலி துளை வழியே பஞ்சுக்குள் போய், இழைகளுக்கிடையே காற்று உரசி, சூடாக மாறிவிடுகிறது. புகைக்குத் தடையே இல்லை என்று சொல்லலாம். 500க்கு மேலுள்ள சீறலை இது அடக்குவதுபோல் அறை வகை அடக்காது. கும்மென்ற சத்தத்தை இது தொடக்கூட மாட்டாது.

புதிதாக மாட்டிய அன்று இதைப்போல் இனிமையானது இல்லை. நானும் அப்படித்தான் மயங்கி, சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரருக்குச் செய்து கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் கூப்பிட்டார். அறுத்துப் பார்த்தால் பஞ்சு பஞ்சாக இல்லை. டீசல் கரியும் தண்ணீரும் சேர்ந்து, நனைந்த சாம்பல் கட்டிபோல அடியில் படிந்திருந்தது. மேல் பாதி காலி. துளைகளில் பாதி கரியால் அடைத்திருந்தது. அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. ஈரப்பஞ்சு தகட்டை ஒட்டியே கிடந்தால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

பஞ்சைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கூரைக்குப் போடும் மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சில் இருக்கும் பசை இந்தச் சூட்டில் எரிந்துவிடும். பிறகு இழைகள் உதிர்ந்து புகையோடு பறக்கும். அதிகச் சூடு தாங்கும் ராக்வூல் போட்டு, துளைக்குழாய்க்கும் அதற்கும் நடுவில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி இழைக் கம்பளியை ஒரு சுற்று சுற்றினால் கொஞ்சம் நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இன்னும் சில பட்டறைகளில் கிடைக்கிறது. அதன் தூள் நுரையீரலுக்கு எமன். வேண்டவே வேண்டாம்.

யாருக்கு ஏற்றது: பெட்ரோல் அல்லது கேஸில் சுத்தமாக எரியும் என்ஜின், அதுவும் நீண்ட நேரம் சூடாக ஓடுவது. விட்டு விட்டு ஓடும் டீசல் என்ஜினுக்கு இதைத் தனியாக மாட்டாதீர்கள்.

## கலப்பு வகை

முதலில் இரண்டு அறை, அதன் பின் பஞ்சுப் பகுதி. அறைகள் கும்மென்ற சத்தத்தை உடைத்து, கரியையும் தண்ணீரையும் கொஞ்சம் தம்மிடம் வைத்துக்கொள்ளும். பஞ்சுக்கு மிஞ்சிய சீறல் மட்டும் போகும். லாட்ஜுக்கு இதைத்தான் சொன்னேன். எதிர்ச்சுவர் ஏழடியில் இருக்கும்போது சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் பந்துபோல் மோதி மேலேறும். இரண்டாம் மாடி அறையில் படுத்திருப்பவருக்குத் தெருவில் நிற்பவரைவிட அதிகமாகக் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல், பகலில் 55 என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அங்கே அறை வகை மட்டும் போதாது.

விலை கூடுதல், நீளம் கூடுதல், எடை கூடுதல். எடையை என்ஜின் வாயில் தொங்கவிடக் கூடாது; தனி ஸ்டாண்டில் தாங்கி, நடுவில் வளையும் பெல்லோஸ் வைக்க வேண்டும். அதைச் சேர்க்காமல் விலை பேசுபவர்கள் பிறகு மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) விரிசலுக்குச் செலவு செய்கிறார்கள். பஞ்சுப் பகுதியை வெல்டிங் வைத்து மூடாமல் ஃபிளேஞ்ச் (போல்ட்டு மாட்டும் விளிம்பு) போட்டுக் கழற்றும்படி கேளுங்கள். என்றைக்காவது பஞ்சை மாற்றித்தான் ஆக வேண்டும்.

## கல் குழி

பழைய ரைஸ் மில்காரர்களுக்குத் தெரிந்த வழி: தரையில் செங்கல் கட்டிய குழி, உள்ளே கருங்கல் ஜல்லி, புகைக்குழாய் அதில் இறங்கி வேறு பக்கம் ஏறும். இவ்வளவு பெரிய கொள்ளளவு எந்தத் தகட்டு சைலன்சரிலும் கிடைக்காது. அந்தத் தாழ்ந்த ‘தட் தட்’டையே அடக்கும். பண்ருட்டி மேட்டு நிலத்தில் சரி. கடலூர் முதுநகரிலோ அரியாங்குப்பத்திலோ மழைக்காலத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர். குழி நிறைந்து என்ஜின் வாய்க்கு நீர் ஏறினால் என்ஜினே போச்சு.

பலாத்தோப்பு ஆயில் என்ஜினுக்கு இதுவும் வேண்டாம் என்றேன். பக்கத்தில் வீடு இல்லை. என்ஜினோடு வந்த வார்ப்பிரும்புச் சட்டிக்குப் பதில் கொஞ்சம் பெரிய ஒற்றை அறை போதும். காய்ந்த சருகு மேல் பொறி விழாதபடி வாயை மேல் நோக்கித் திருப்பி, மழைமூடி போட்டுக்கொண்டார்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அறை | பஞ்சு | கலப்பு | கல் குழி |
|---|---|---|---|---|
| கும்மென்ற சத்தம் | நன்று | மோசம் | நன்று | மிக நன்று |
| சீறல் | சுமார் | மிக நன்று | மிக நன்று | நன்று |
| பேக் பிரஷர் | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் | குழாய் அளவைப் பொறுத்தது |
| ஈரம், கரி | தாங்கும் | தாங்காது | ஓரளவு | மழையில் ஆபத்து |
| பராமரிப்பு | வடிகால் துளை | பஞ்சு மாற்றம் | இரண்டும் | குழி சுத்தம் |
| செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | கொத்தனார் கூலி |

## தகடு

வகையைவிடத் தகடுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சாதாரண இரும்பு என்றால் 16 கேஜைவிட மெல்லியதாகப் போகாதீர்கள்; 14 நல்லது (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்). மெல்லிய தகடு துருப்பிடிப்பதற்கு முன்பே டின் போல அதிரும், அதுவே ஒரு சத்தம். எஸ்.எஸ். 304 விலை இரும்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ‘எஸ்.எஸ். போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லை’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். கடல் உப்பு அதிலும் வெல்டிங் ஓரத்தில் ஊசிக்குத்துபோல் துளை போடும். கார்களில் வரும் 409 ரகம் பழுப்பாகக் கறை பிடிக்கும், பார்க்க அழகில்லை, ஆனால் சூட்டையும் ஈரத்தையும் இரும்பைவிட நன்றாகத் தாங்கும், 304ஐவிட விலையும் குறைவு. எனக்கு இங்கே அதுதான் பிடித்தது.

எந்தத் தகடானாலும் ஒவ்வோர் அறைக்கும் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், 3 மி.மீ. துளை ஒன்று. அதில் சத்தம் கசியாது, தண்ணீர் வடியும். மாதம் ஒருமுறை கம்பியால் குத்திவிடுங்கள், கரி அடைக்கும்.

## படகுக்காரருக்கு

‘அண்ணே, ஜெனரேட்டருக்குப் போடுறதையே எனக்கும் போட்டுக் குடுங்க’ என்றார் அந்தத் தம்பி. போட முடியாது. ஃபைபர் படகில் சத்தத்துக்கு முன் சூடு வருகிறது; பிசின் இளகிவிடும். பெரிய உள்ளெஞ்சின் படகுகளில் கடல்நீரைப் புகையோடு கலந்து குளிர்வித்து வெளியேற்றும் ஈர வகை உண்டு. சத்தமும் நன்றாகக் குறையும். ஆனால் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே போதுமான உயரம் ஏறி இறங்காவிட்டால், அலையில் கடல்நீர் திரும்பி என்ஜினுக்குள் போகும். அவருடையது காற்றால் குளிரும் சின்ன என்ஜின். குட்டையான ஒற்றை அறை, கண்ணாடி இழைத் துணிச் சுற்று, படகின் பக்கச் சுவரிலிருந்து தள்ளிப் பிடிக்கும் தாங்கி. அவ்வளவுதான். வருடத்துக்கொன்று மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியே கொடுத்தேன்.

## வாங்குவதற்கு முன்பும் மாட்டிய பின்பும்

ஃபோனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, புகைக்குழாய் வாய்க்கு 1 மீட்டரிலும் என்ஜின் உடம்புக்கு 1 மீட்டரிலும் அளந்து பாருங்கள். எண் துல்லியமாக இராது, ஒப்பிடப் போதும். இரண்டும் சமமாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த சைலன்சர் போட்டாலும் மொத்தத்தில் 3 டெசிபெல்தான் குறையும். மீதி என்ஜின் உடம்பிலிருந்தும் ஃபேனிலிருந்தும் வருகிறது. அந்தப் பணத்தை ஜெனரேட்டர் அறைக்கு ஒலி தடுக்கும் கதவு போடச் செலவழியுங்கள்.

இன்னொன்று. சத்தம் குறைந்துவிட்டது என்று ஜெனரேட்டரை வராந்தாவுக்குள் கொண்டுவராதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று நாள் கணக்கில் கரண்ட் இல்லாத நாட்களை இந்தக் கரை பார்த்திருக்கிறது. எந்த சைலன்சரும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் குறைக்காது. அதற்கு வாசனையும் கிடையாது.

மாட்டிய பிறகு பேக் பிரஷரை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைப் பலகையில் ‘U’ எழுத்துபோல் வளைத்து அடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டுங்கள். என்ஜின் வாயைத் தாண்டிய நேர்க்குழாயில் ஒரு நிப்பிள் வைத்து, சூடு ஆற 1 மீட்டர் செம்புக்குழாய் விட்டு, பிளாஸ்டிக்கோடு இணையுங்கள். முழு லோடில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 102 மி.மீ. என்றால் 1 கிலோபாஸ்கல். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் வளைவுகளைப் பாருங்கள்; 2 அங்குலக் குழாயை இரண்டரை ஆக்கினாலே வளைவில் இழக்கும் அழுத்தம் 100க்கு 40 என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

மண்டபத்தில் எல்லா ஏசியையும் விளக்கையும் போட்டு அளந்தபோது பழைய சைலன்சரில் 310 மி.மீ. காட்டியது, புதியதில் 260. இரண்டு எண்ணையும் தேதியோடு ஜெனரேட்டர் அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த ஐப்பசிக்கு முன் மறுபடி அதே பலகையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.